நாற்பதாவது சுற்று

கனத்த கண்ணாடிக் கூஜாவுக்குள் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிச் சுழலும் ஒலியை நான் முதன்முதலாகக் கேட்டது பிரான்சின் தூலோன் நகரத்துப் படைவீரர் குடியிருப்பில், மழை ஓய்ந்த ஒரு மார்ச் மாத மாலையில். கல்யாணமாகி வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, ஊர் புரியவில்லை, மொழி பாதிதான் புரிந்தது, சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தையின் கொலுசுகளைத் தண்ணீரில் அலசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தால், என் புருஷன் கஸ்பார் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, நீண்ட கரண்டியைக் கூஜாவின் ஓரத்தோடு ஓரமாக ஓட்டிச் சுழற்றியபடி கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"கண்ணால பாத்தா தெரியாது குளோத்தி, காதால கேக்கணும்," என்றார். "முதல்ல கத்தும். அப்புறம் பேசும். நாப்பதாவது சுத்துல வாயை மூடிக்கும். அப்ப வடிகட்டிடணும்."

பிரெஞ்சுப் படையில் பத்தொன்பது வருஷம் இருந்தவர், அதில் பதினேழு வருஷம் அதிகாரிகளின் உணவு விடுதியில் மது கலந்து கொடுத்தவர், துப்பாக்கி பிடித்த நாள்களைவிடக் கரண்டி பிடித்த நாள்களே அவருக்கு அதிகம். மார்ட்டினி என்பது ஜின்னும் வெர்மூத் என்கிற மூலிகை ஒயினும் மட்டும்தான் என்று நினைப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கோப்பையில் கால் பங்கு உருகிய பனி, அந்தக் கால் பங்கு இல்லாவிட்டால் அது தொண்டையை அறுக்கும் தீ, குழாய்த் தண்ணீரை ஊற்றி அந்த இடத்தை நிரப்ப முடியாது, பனிக்கட்டி தன்னைக் கொஞ்சம் இழந்தால்தான் அது குடிக்கத் தகுந்ததாகும் என்று, வேதபாடம் சொல்வதுபோலச் சொல்லுவார்.

ஓய்வு பெற்று நாங்கள் புதுச்சேரிக்குத் திரும்பினோம். கடற்கரையிலிருந்து நான்காவது தெரு, வரிசையாக எங்களைப் போன்ற சொல்தாக் குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பிரான்சில் ஒரு பிள்ளை, ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் பாரிசு நேரம் காட்டும் இரண்டாவது கடிகாரம். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள், படித்ததற்கு மாடியில் இருந்த அறுபது தொட்டிகள்தான் மிச்சம். அங்கே மரிக்கொழுந்தும் திருநீற்றுப்பச்சையும் கற்பூரவல்லியும் எலுமிச்சைப்புல்லும், குன்னூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு ரோஸ்மேரியும் வளர்ந்தன. வெர்மூத்தில் ஊறும் கசப்புச் செடியும் நம் மரிக்கொழுந்தும் ஒரே குலம் என்பதை நான் பாடப்புத்தகத்திலிருந்தும் கஸ்பார் தன் நாக்கிலிருந்தும் தனித்தனியாகக் கண்டுபிடித்தோம், அதற்குப் பிறகு வெர்மூத் போத்தல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரோஸ்மேரியை ஜின்னில் ஒரு பகல் ஊறவைப்பேன், வெட்டிவேரை மூன்று நாள், திருநீற்றுப்பச்சையை நான்கு மணி நேரத்துக்கு மேல் விட்டால் கறுத்துக் கசந்துவிடும், மரிக்கொழுந்துக்கு அரை மணி போதும், அதையும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போடவேண்டும். துளசியைத் தொடுவதில்லை, பக்கத்து வீட்டுக் கோகிலாம்பாள், பெருமாள் செடியைச் சாராயத்தில் முக்கினால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

மாலை ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு கோப்பை, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. கோப்பைகளைக் குளிர்ப்பெட்டியின் பனி அறைக்குள் வைத்திருப்போம், மூன்று கோப்பைகள். மூன்றாவது எங்கள் மகன் ரெமியுடையது. அவன் பிரான்சுக்கு, லியோன் நகரத்துக்குப் போய்ப் பதினோரு வருஷமாகியிருந்தது, வந்து போய் ஏழு வருஷம். அந்த மூன்றாவது கோப்பையின் மேல் வெள்ளை உறைபனி விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது, நான் அதைத் துடைத்ததில்லை.

பனிக்கட்டி உருகாமல் போனது ஒரு ஜூலை பதினான்காம் தேதி, பிரெஞ்சுத் தேசிய நாள். அன்று காலையில் ரெமி தொலைபேசியில் அழைத்து இந்த வருஷமும் வர முடியாது என்று சொல்லியிருந்தான், அன்று மாலை கஸ்பாரின் பழைய தோழர் பெஞ்சமின், அணிவகுப்புக்குப் போட்ட பதக்கங்களைக் கழற்றாமலேயே வந்து உட்கார்ந்திருந்தார், கஸ்பாருக்கு அப்போதே கை நடுங்கத் தொடங்கியிருந்ததால் நான்தான் கலக்கினேன். நாற்பது சுற்று சுற்றினேன், ஒலி மாறவில்லை. எண்பது, நூற்றிருபது, இருநூறு சுற்றினேன். கொலுசு அலசும் அதே ஒலி, கூர்மை குறையாமல், வாய் ஓயாமல். கரண்டியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், பனிக்கட்டிகளின் நான்கு மூலையும் வெட்டியெடுத்த சலவைக்கல்போல அப்படியே இருந்தன. பெஞ்சமின் அந்தத் தீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "கஸ்பார், இதைப் பீரங்கியில போட்டிருந்தா நாம அல்ஜீரியாவை விட்டே வந்திருக்க வேணாம்," என்றார்.

மிச்சமான பனிக்கட்டிகளைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். காலையில் அவை அங்கேயே கிடந்தன, ஈரம்கூட இல்லை, தொட்டால் விரல் ஒட்டியது. மீன் கொண்டுவந்த அஞ்சாலை அவற்றைப் பார்த்தாள், ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், "வேணாம்னா நான் எடுத்துக்கவா மதாம்?" என்று கேட்டு, கூடையில் வஞ்சிரத்தின் நடுவே அவற்றைச் செருகிக்கொண்டு போனாள். ஏன் உருகவில்லை என்று அவள் கேட்கவில்லை. அதற்கப்புறமும் யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் தெருவே பாத்திரத்தோடு வந்தது. எங்கள் குளிர்ப்பெட்டியில் உறைந்த பனி எங்கே போனாலும் உருகவில்லை, தட்டுத் தட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல்காரர்களின் நெற்றியில் அது கிடந்தது, மின்சாரம் போகும் வீடுகளில் இன்சுலின் மருந்து மண்சட்டிக்குள் அதன் நடுவே பத்திரமாக இருந்தது, பிள்ளைகள் அதை வைத்துக் கோலி ஆடினார்கள், கோகிலாம்பாள் உத்திரத்திலிருந்து ஒரு துணிமூட்டையில் கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே பகல் தூக்கம் தூங்கினாள். பங்குச் சாமியார் இதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: பேராயருக்கு யாரும் கடிதம் எழுதவேண்டாம், எழுதினால் கமிட்டி வரும், கமிட்டி வந்தால் நாம் பனிக்கட்டிக்கு வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். பிறகு பூசை முடிந்ததும் தன் பங்குக்கு ஒரு வாளி வாங்கிக்கொண்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில், ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகுவர்த்திகளைப் பனிக்கட்டிகளின் மேல் நட்டுவைத்தார்கள், மெழுகு உருகி உருகி அவற்றின் மேல் வழிந்தது, அவை அசையவில்லை.

எங்கள் இருவருக்கு மட்டும்தான் அது பயன்படவில்லை. மாலை ஆறு மணிக்கு நான் கலக்குவேன், கஸ்பார் கண்ணை மூடிக் கேட்பார், நாற்பதில் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி உடைத்துப் பார்த்தேன், எங்கள் நிலைப்படியைத் தாண்டியதும் அதுவும் கல்லாகிவிட்டது. கோகிலாம்பாள் வீட்டு மாடியில் நின்று கலக்கிப் பார்த்தேன், என் கை பட்ட பனி எந்த வீட்டிலும் உருகவில்லை. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் கால் பங்கு தண்ணீரை ஊற்றிக் கஸ்பாரிடம் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "முத்தரையர்பாளையம் குழாய்," என்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் இடத்தைச் சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

இதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு தெருவுக்கு நல்லது நடக்கும்போது இரண்டு கிழடுகளின் கோப்பை எம்மாத்திரம். ஆனால் பெஞ்சமின் செத்துப்போனார்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம், பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்து முகம் பார்க்கும் வரைக்கும் பிணம் காத்திருக்கும். முன்பெல்லாம் ஐஸ் கம்பெனிக் கட்டிகளை மேலும் கீழும் அடுக்கிவைப்பார்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், கூடம் முழுக்கத் தண்ணீர், ஒப்பாரி வைக்கிறவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் விமான நிலையத்திலிருந்து தொலைபேசியில் கத்துவார்கள், மூன்றாம் நாள் ஓடோடி வந்து சேர்வார்கள். பெஞ்சமினை எங்கள் பனியில் வைத்தோம். தரை உலர்ந்திருந்தது, தூங்குகிற மாதிரி கிடந்தார், மீசைகூடக் கலையவில்லை. மகள்கள் மூன்றாம் நாள் வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள்.

அடுத்துச் செத்தது எங்கள் தெரு எவ்லின் அக்கா. அவள் பையன் எட்டாம் நாள் வந்தான். அவசரமில்லை என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள், கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதற்கடுத்தது, தெருவே முசே என்று மரியாதையாக அழைத்த கோதண்டம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் விடுப்புத் தேதி ஒத்துவரட்டும் என்று பார்த்தார்கள், பேரனுக்குத் தேர்வு முடியட்டும் என்று பார்த்தார்கள், பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொல்லிவைத்திருந்த ஐயர் சாமான்களோடு வந்து நின்றபோது கோதண்டம் முசே இன்னும் கூடத்தில் படுத்திருந்தார், எரிக்காதவருக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று ஐயர் வாசலிலேயே அரை நாள் உட்கார்ந்திருந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். இருபத்துமூன்றாம் நாள் பிள்ளைகள் வந்தார்கள். அழுதார்கள், ஆனால் ஓடி வந்தவர்களின் அழுகையாக அது இல்லை.

அன்று மீன் கொண்டுவந்த அஞ்சாலை கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு வஞ்சிரத்தின் செவுளைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு, "மீனு நாறவே மாட்டேங்குது மதாம். நேத்துப் புடிச்சதா, போன வாரம் புடிச்சதான்னு எனக்கே தெரியல. வாங்குறவங்களும் நாளைக்கு வாங்கிக்கிறேன், நாளைக்கு வாங்கிக்கிறேன்னு போறாங்க," என்றாள்.

அந்த வருஷம் மழைக்காலம் ஓய்வதற்கு முன்னால் கஸ்பாருக்கு இதயத்தில் பழுது கண்டது. கால் வீங்கியது, பிறகு தொடை, பிறகு மூச்சில் ஈரம் கேட்டது. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, ஒரு நாளைக்கு ஐந்து டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் உருக வேண்டியதெல்லாம் இவருக்குள்ளே உருகுகிறது என்று எனக்குத் தோன்றியது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சன்னலோரச் சாய்வுநாற்காலியிலேயே பகலும் இரவும் இருந்தார், மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார், தின்பதில்லை, உரிப்பதோடு சரி.

ரெமியை அழைத்தேன். அப்பாவுக்கு முடியவில்லை, வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்று சொன்னேன். டாக்டர் சொன்னது என்ன, மாத்திரையின் பெயர் என்ன என்று எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான், நல்ல பையன்தான், குரலில் கவலை இருந்தது.

"டிசம்பர் லீவுக்கு வந்துடறேம்மா," என்றான். "நீ பயப்படாதே. அப்படியே ஏதாவது ஆச்சுன்னாலும், அதான் உங்க ஐஸ் இருக்கே."

கஸ்பார் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியின் குரல் அவருக்குக் கேட்டது. பதினேழு வருஷம் பனிக்கட்டியின் குரலைக் கேட்ட காது அது, கேட்காமல் எப்படி இருக்கும். நான் தொலைபேசியை வைத்ததும், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"என்னை அதுல வைக்காதே குளோத்தி. மறுநாளே மண்ணுல போட்டுடு. அடுக்கி வெக்கிறதுக்கு நான் மீன் இல்ல."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"சரி, பேசல. ஒரு கோப்பை ஒழுங்கா குடிச்சுட்டுப் போனா நல்லாருக்கும். அவனும் எதிர்ல உக்காந்தா இன்னும் நல்லாருக்கும். ரெண்டுல எது முடியுதோ அதைச் செய்."

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், அது திங்கட்கிழமை, மாடியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கி வந்து ரெமியை அழைத்தேன்.

"ரெமி, ஐஸ் உருக ஆரம்பிச்சுடுச்சுப்பா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு டிராம் மணி அடித்தது.

"எப்போலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"எத்தனை நாள் தாங்கும்?"

வந்து அப்பாவைப் பார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மாலைக்குள் அவனே அழைத்தான், புதன்கிழமை லியோனிலிருந்து கிளம்பி வியாழக்கிழமை பாரிசில் விமானம் ஏறுகிறேன் என்றான். ஏழு வருஷமாகக் கிடைக்காத விடுப்பு ஒரு பிற்பகலில் கிடைத்திருந்தது.

பொய் சொல்லிப் பழகாதவள், அதனால் அதை மறைக்கவும் தெரியவில்லை, மறுநாள் கோகிலாம்பாளிடம் சொன்னேன், கோகிலாம்பாளிடம் சொன்னது தெருவுக்குச் சொன்னதுதான். பாவி, வாயால் சொல்லி வைக்கிறாளே என்று சிலர் தங்கள் சட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். எதுவும் உருகியிருக்கவில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கஸ்பார் மரிக்கொழுந்து கேட்டார். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன், அரை மணி ஜின்னில் விட்டேன், கூஜாவில் பனிக்கட்டிகளைப் போட்டு, ஊற்றி, நம்பிக்கை ஏதுமில்லாமல் சும்மா பழக்கத்துக்காகச் சுற்றத் தொடங்கினேன். கொலுசு அலசினாற்போல் ஒலித்தது. பத்து, இருபது. முப்பத்தொன்றாவது சுற்றில் ஒலி தொண்டை கம்மினாற்போலத் தணிந்தது. என் கை நின்றுவிடப் பார்த்தது. நாற்காலியில் கஸ்பார் கண்ணைத் திறக்காமல், "நிறுத்தாதே," என்றார். முப்பத்தைந்தில் குரல் உருண்டது. முப்பத்தெட்டில் முணுமுணுத்தது. நாற்பதில் ஒன்றும் கேட்கவில்லை, கரண்டி பஞ்சில் சுழல்வதுபோலச் சுழன்றது.

"வடிகட்டு," என்றார்.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார், பாதி குடித்ததும், "டாக்டரோட அஞ்சு டம்ளர் கணக்குல இதைச் சேக்காதே," என்றார், மிச்சப் பாதியையும் குடித்தார். எனக்கான கோப்பையை நான் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மாலையில் ஊரில் இருந்த எங்கள் பனி எல்லாம் உருகியது. கோகிலாம்பாளின் துணிமூட்டை அவள் மேலேயே கொட்டியது, கோலிகள் பிள்ளைகளின் சட்டைப்பையை நனைத்தன, வானத்தில் ஒரு மேகமும் இல்லாமல் தெருச் சாக்கடை கரை புரண்டது, கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லும் குளித்ததுபோல நின்றது என்று சாமியார் பிறகு சொன்னார். பிள்ளையை வரவழைக்க ஊர்ப் பனியை உருக்கிவிட்டாள் என்று எங்கள் வாசலில் நின்று இரண்டு பெண்கள் எனக்குக் கேட்கும்படி பேசினார்கள். அஞ்சாலை மட்டும் சொட்டும் கூடையோடு வந்து, நான் ஏதும் சொல்வதற்கு முன்னால், "விடுங்க மதாம். இனிமே இன்னிக்கு மீனு இன்னிக்கே போயிடும்," என்றாள்.

கஸ்பார் மறுநாள் காலை, காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, தோய்த்த துண்டு கையில் இருக்க, செத்துப்போனார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று சாமியாரிடமும், தொலைபேசியில் ரெமியிடமும் சொன்னேன். ரெமி வெள்ளிக்கிழமை நண்பகல் சென்னையில் இறங்குவதாக இருந்தான், மூன்று மணிக்குள் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோஹாவிலிருந்து அழைத்தான்: பாரிசிலிருந்து வந்த விமானம் தாமதமாகி அடுத்த விமானத்தைத் தவறவிட்டுவிட்டான், சனிக்கிழமை காலையில்தான் வர முடியும். காத்திரும்மா, காத்திரு என்று அழுதான். ஏழு வருஷத்தில் அன்றுதான் அவன் ஓடினான், நான் கேட்டேன், அவன் மூச்சில் ஓட்டம் இருந்தது.

தெரு அதற்குள் எனக்காக இரங்கிவிட்டிருந்தது. என்னைத் திட்டிய இரண்டு பெண்களும் சேர்ந்து ஐஸ் கம்பெனிக்குப் போய்ப் பெரிய கட்டிகளாக எட்டு கொண்டுவந்து, உமி தூவி, வாசலில் இறக்கிவைத்தார்கள். சாமியார் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஒரு ராத்திரிதானே குளோத்தில்டா. பையன் முகம் பாக்கட்டும்."

"ஒரு ராத்திரிதான் சாமி," என்றேன். "அவரு கேட்டதும் ஒண்ணுதான்."

கட்டிகளை உள்ளே எடுத்துவர நான் யாரையும் விடவில்லை. நாலு மணிக்கு அடக்கம் செய்தோம். அஞ்சாலை ஒரு பிடி மண் போட்டாள், அவள் கையில் மீன் வாடை இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்ஸி வந்தது. ரெமிக்கு முன்பக்கம் முடி கொட்டியிருந்தது, அதை எந்தப் புகைப்படத்திலும் நான் பார்த்ததில்லை. வாசலில் எட்டுக் கட்டிகளும் உருகி, உமி மட்டும் மிதக்க, குளமாக நின்றிருந்தது. அவன் அதைப் பார்த்தான், தாண்டவில்லை, காலணியோடு அதற்குள்ளேயே இறங்கி நடந்து வந்தான். நனைந்த காலணியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான். தட்டில் உரித்த கடலை அப்படியே இருந்தது.

அன்று ஆறு மணிக்கு நான் கூஜாவை எடுத்தேன். நாற்பதாவது சுற்றில் பனி ஓய்ந்தது. பனி அறையின் மூலையில் இருந்த மூன்றாவது கோப்பையை எடுத்து, ஏழு வருஷத்து உறைபனியை முந்தானையால் துடைத்து, நிரம்ப ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்து முகர்ந்தான், மரிக்கொழுந்தா என்று கேட்டான், பிறகு மிக மெதுவாகத் திரும்ப வைத்தான்.

"அம்மா, நான் குடிக்கிறதை விட்டு ஆறு வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்."

எதற்காக விட்டான், விடும்படி அங்கே என்ன நடந்தது, அதுதான் அவன் வராததற்குக் காரணமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அதன் வெளிப்புறம் வியர்த்து, வியர்வை வழிந்து, மேசையில் ஒரு வட்டமாகப் படிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

ரெமி பன்னிரண்டு நாள் இருந்தான். லியோனை விட்டுவிட்டு, இப்போது பிரான்சிலேயே கிரெனோபிள் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறான்.